ஏறுறதுக்கு முன்னாடி லத்தி அள்ளணும்! குதிரையோடு வளரும் குழந்தைகளுக்கு என்ன கிடைக்குது?

ஊட்டி போட் ஹவுஸ், கொடைக்கானல் ஏரிக்கரை, மெரினா மணல்... இதில் ஏதாவது ஓர் இடத்தில் எடுத்த குதிரை போட்டோ நம்மில் பலர் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். பெரிய தொப்பி, பாதி சிரிப்பு, பாதி அழுகை. ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருக்கும் குதிரைக்காரரின் கை மட்டும் தெரியும். பத்து நிமிஷ சவாரி முடிந்ததும் இறங்கி சுட்ட சோளம் சாப்பிடப் போய்விடுவோம். அந்தக் குதிரையோட பேர் என்னன்னு கேட்டவங்க எத்தனை பேர்?

இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. நீச்சல், கராத்தே, கீபோர்டு வரிசையில் குதிரையேற்றமும் சம்மர் கிளாஸ் லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டது. ‘கான்ஃபிடன்ஸ் வரும், கவனம் கூடும், கோபம் குறையும்’ என்று விளம்பரங்களும் வருகின்றன. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பில்டப்?

நேரடியாகவே சொல்லிவிடலாம். குதிரையால் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நன்மைகள் நிஜம்தான். ஆனால், அதில் பெரும்பகுதி சேணத்தின் மேல் கிடைப்பதில்லை. தரையில், லாயத்துக்குள், கையில் பிரஷ்ஷும் கூடையுமாக நிற்கும்போதுதான் கிடைக்கிறது. அதனால்தான் பத்து நிமிஷ சவாரியில் போட்டோ மட்டும் மிஞ்சுகிறது.

பயந்த சுபாவம்தான் பாடமே!

‘குதிரை குணமறிந்துதான் கொம்பு கொடுக்கவில்லை கடவுள்’ என்று ஒரு பழமொழி உண்டு. குதிரையைத் திமிர் பிடித்த மிருகமாக நினைத்து யாரோ சொன்னது. உண்மை என்னவென்றால், குதிரை ஒரு பயந்தாங்கொள்ளி. புல் தின்னும் விலங்கு. காட்டில் அதைத் தின்னத்தான் மற்ற மிருகங்கள் அலைந்தன. கொம்பு இல்லை, கூர்நகம் இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் ஓடு, அப்புறம் யோசி. அதோட மொத்த உடம்பும் இந்த ஒரே விதிக்காக அமைந்தது.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கிட்டத்தட்ட 350 டிகிரிக்கு அதனால் பார்க்க முடியும். தெரியாத இடங்கள் இரண்டே இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். காதுகள் தனித்தனியாகத் திரும்பும். ஒரு காது உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு காது கேட்டுக்கு வெளியே போகும் ஆட்டோவைக் கேட்கும். நின்றுகொண்டே தூங்கவும் தெரியும், ஏனென்றால் படுத்துத் தூங்கினால் எழுந்து ஓட லேட் ஆகிவிடும்.

இப்படி ஒரு மிருகம் மனிதர்களை எவ்வளவு கவனிக்கும்? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கோபமான முகத்தையும் சிரித்த முகத்தையும் பெரிய போட்டோவாகக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்த்ததும் குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் காட்டியது. காலையில் போட்டோவில் கோபமாகப் பார்த்த ஆள், அன்றைக்கே நேரில் சாதாரண முகத்தோடு வந்து நின்றாலும், குதிரை அவரை நினைவில் வைத்து ஜாக்கிரதையாகத்தான் பார்த்தது.

நாய் அப்படியில்லை. நீங்கள் திட்டினாலும் வாலாட்டிக்கொண்டு வரும். குதிரையிடம் அந்தச் சலுகை கிடையாது. வாய் ‘வாடா செல்லம்’ என்று சொல்ல, தோள் இறுகி, மூச்சு மேல்மூச்சாக இருந்தால் அது தோளையும் மூச்சையும்தான் நம்பும்.

லாயத்தில் ஒரு முதல் நாள்

எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி முதல் தடவையாக லாயத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் நல்லவராக இருந்தால் அன்றைக்கு அவளைக் குதிரை மேல் ஏற்றவே மாட்டார்.

காரிலிருந்து இறங்கியதும் அவள் ஓடுவாள். குதிரை தலையைத் தூக்கி இரண்டு அடி பின்னால் போகும். ‘ஓடாத பாப்பா’ என்று யாரும் கத்தத் தேவையில்லை, குதிரையே சொல்லிவிட்டது. மறுபடியும், இந்த முறை மெதுவாக, முன்னாலிருந்து நேராக இல்லாமல் தோள்பட்டைப் பக்கமாக வரச் சொல்வார்கள். கையை நீட்டினால் மூக்கைக் கொண்டுவந்து முகரும். அதுதான் குதிரை ஊர் வணக்கம். அது முகர்ந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது செகண்டுக்கு ஒரு ரீல்ஸ் தள்ளிப் பழகிய விரலுக்கு அந்தக் காத்திருப்பே பெரிய வேலை.

அடுத்தது பிரஷ். கழுத்தில் தொடங்கி, முடி படுத்திருக்கும் திசையிலேயே முதுகு, வயிறு, தொடை என்று தேய்த்துக்கொண்டே வர வேண்டும். பின்பக்கம் போகும்போது ஒரு கையைக் குதிரையின் மேலேயே வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே சுற்ற வேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமே! பிடித்த இடத்தில் தேய்த்தால் குதிரையின் கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும். வலிக்கிற இடத்தில் கை பட்டால் தோல் சிலிர்க்கும், காது பின்னால் மடங்கும். மடங்கிய காது என்றால் எச்சரிக்கை. வால் சுழற்சி என்றால் எரிச்சல். ஒரு வாரத்தில் இந்த எழுத்துகளைக் குழந்தை படிக்க ஆரம்பித்துவிடும்.

பிறகு குளம்பு. இதுதான் உண்மையான பரீட்சை. 400, 500 கிலோ எடையுள்ள ஒரு மிருகத்தை 25 கிலோ குழந்தை இழுத்துத் தூக்க முடியாது. காலின் கீழ்ப்பகுதியில் கையை மெதுவாக இறக்கி, லேசாக அழுத்தி, அதுவே தூக்கும் வரை நிற்க வேண்டும். முதல் நாள் பெரியவர் செய்துகாட்டுவார், குழந்தை பார்க்கும். சில வாரங்கள் கழித்து அவளே கேட்டு, குதிரையும் காலைக் கொடுக்கும் அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பலத்தால் நடக்காத ஒரு காரியத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதற்கு மார்க் இல்லை.

இந்தத் தரை வேலைகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பென்ட்ரி என்ற ஆய்வாளரின் குழு, 5-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 130 மாணவர்களை எடுத்துக்கொண்டது. பள்ளி முடிந்ததும் பஸ்ஸில் லாயத்துக்கு. வாரம் 90 நிமிஷம், 12 வாரம். குதிரையின் நடத்தையைப் புரிந்துகொள்வது, தேய்ப்பது, நடத்திக்கொண்டு போவது, கொஞ்சம் சவாரி. யார் முதல் பேட்ச் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனை அளந்து பார்த்ததில், லாயத்துக்குப் போன பிள்ளைகளுக்கு அது குறைவாக இருந்தது. 2014-ல் வெளியான இந்த ஆய்வு கவனிக்கப்பட்டதற்குக் காரணம், ‘குழந்தைங்க சந்தோஷமா இருந்தாங்க’ என்ற பொதுவான வார்த்தைகளைத் தாண்டி, உடம்பில் அளக்கக்கூடிய ஒரு மாற்றத்தைக் காட்டியதுதான்.

லத்தியைப் பார்த்தே சொல்லணும்!

லாயத்தில் வளரும் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது லத்தியைத்தான். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். குடலில் எங்காவது அடைத்துக்கொண்டாலோ வாயு சேர்ந்தாலோ வயிற்றுவலி வரும். ‘கோலிக்’ என்று சொல்வார்கள். சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடக்கூடியது. அதனால் ராத்திரி எத்தனை முறை லத்தி போட்டிருக்கிறது, கெட்டியாக இருக்கிறதா, தண்ணீர் வாளி எவ்வளவு குறைந்திருக்கிறது, தீவனம் மிச்சமிருக்கிறதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா என்பதையெல்லாம் தினமும் கவனிக்க வேண்டும். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் கூடும். சுமார் 20 கிலோ லத்தி போடும். இயற்கையாக விட்டால் ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டேதான் இருக்கும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவி லாடம் மாற்ற வேண்டும். தீபாவளியாக இருந்தாலும் சரி, ஃபைனல் எக்ஸாமாக இருந்தாலும் சரி, இதில் எதற்கும் லீவு கிடையாது.

‘பொறுப்பு வரணும்’ என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பொறுப்பு என்பது வாயால் சொல்லி வருவதில்லை. நாம் செய்யாவிட்டால் நிஜமாகவே ஒரு உயிர் கஷ்டப்படும் என்ற நிலைமையில்தான் வருகிறது. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் டீச்சர் திட்டுவார், அவ்வளவுதான். தண்ணீர் வைக்காவிட்டால் குதிரைக்குக் கோலிக் வரும். இந்த வித்தியாசம் ஏழு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

குதிரை 25, 30 வருடம் வாழும். குழந்தைப் பருவத்தில் சேர்ந்த குதிரை, அந்தக் குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் இருக்கலாம். கிழடாகி, பல் தேய்ந்து, சவாரிக்கு ஆகாமல் போகும். அப்புறமும் அதற்குத் தீவனம் வைக்க வேண்டும். பயன் முடிந்துபோனவர்களை எப்படி நடத்துவது என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு மற்ற ஹாபிகளில் இல்லை.

ஹார்ட்டெலும் ஜூபிலியும்

சரி, சவாரியால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குறிப்பாக, உடல் அசைவிலோ சமூகப் பழக்கத்திலோ சிரமம் உள்ள குழந்தைகளுக்கு.

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944-ல் கர்ப்பமாக இருந்தபோது போலியோவால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே உணர்வும் அசைவும் திரும்பவே இல்லை. இனி சவாரி கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற தன் குதிரையில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி வென்றார். பெண்கள் ஆண்களோடு சேர்ந்து இந்தப் போட்டியில் இறங்க அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. 1956-ல் இன்னொரு வெள்ளி. ஐரோப்பாவில் சிகிச்சைக்காகக் குதிரையேற்றம் பரவ அவருடைய கதை பெரிய தூண்டுதலாக இருந்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் உடலியல் எளிமையானது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைகிறது. இந்த அசைவு மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதைப் போலவே இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 100 முறை. செரிப்ரல் பால்சி இருக்கும் குழந்தை ஒன்று, தானாக நடக்க முடியாவிட்டாலும், குதிரை மேல் உட்கார்ந்தால் நடக்கும் அசைவை அதன் இடுப்பும் முதுகுத் தசைகளும் அனுபவிக்கின்றன. நிமிர்ந்து உட்காரத் தேவையான தசைகள் வேலை செய்கின்றன. இதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் செய்வதுதான் ‘ஹிப்போதெரபி’.

ஆட்டிசம் விஷயத்தில் கொலராடோ பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு முக்கியமானது. 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10 வாரம் குதிரையேற்றம். இன்னொரு குழுவும் அதே மாதிரி லாயச் சூழலுக்குத்தான் போனது, குதிரையைப் பற்றித்தான் படித்தது. நிஜக் குதிரை மட்டும் கிடையாது. 2015-ல் வந்த முடிவுகளில், நிஜக் குதிரையோடு இருந்த பிள்ளைகளுக்கு எரிச்சலும் அதிவேகத் துறுதுறுப்பும் குறைந்திருந்தன. பேசிய வார்த்தைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. வெளியூர் போன சந்தோஷம், புது இடம், அக்கறையான ஆசிரியர்கள் எல்லாம் இரண்டு குழுவுக்கும் பொது. அப்படியும் வித்தியாசம் வந்ததால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு.

ஆட்டிசத்தோடு வளர்ந்து, விலங்கியல் துறையில் உலகப் புகழ் பெற்ற டெம்பிள் கிராண்டினும், பள்ளி ஹாஸ்டல் நாள்களில் அங்கிருந்த குதிரைகள்தான் தன்னைக் காப்பாற்றின என்று எழுதியிருக்கிறார்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகள் எல்லாமே சில நூறு பேருக்குள் முடிந்தவை. ‘ஆட்டிசம் குணமாகும்’ என்றோ ‘ஐக்யூ ஏறும்’ என்றோ எவராவது சொன்னால், பணத்தை எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். குதிரை துணை, மருந்து கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்க வாய்ப்பு உண்டு. டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்லாமல் குதிரையில் ஏற்றவே கூடாது. வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் டாக்டர் சம்மதம் அவசியம்.

தூசியிலும் ஒரு சங்கதி

அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு சமூகம் இருக்கிறது. கார், டிராக்டர் பெரும்பாலும் கிடையாது. வண்டி இழுக்கவும் ஏர் உழவும் குதிரைதான். ஹட்டரைட் என்பது இன்னொரு சமூகம். இரண்டு பேருடைய முன்னோரும் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், உணவும் வாழ்க்கைமுறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஹட்டரைட் பண்ணைகள் பெரிய இயந்திரப் பண்ணைகள். அங்கே குழந்தைகள் தொழுவத்துக்குள் புழங்குவதில்லை. 2016-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வின்படி, ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவிகிதம். ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவிகிதம். வீட்டுக்குள் வந்து சேரும் தொழுவத் தூசியில் உள்ள நுண்ணுயிரிகள், சின்ன வயதிலேயே எதிர்ப்பு சக்தியைப் பழக்குகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதில் மாட்டுக்கும் பங்கு உண்டு, குதிரைக்கு மட்டும் மாலை போட முடியாது. ஏற்கெனவே ஆஸ்துமாவோ அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு இது தலைகீழாகவும் போகலாம். குதிரையின் தோல் செதிலே இழுப்பைக் கிளப்பிவிடும்.

‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு குதிரை?’

இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வெளியே ‘அடிபட்டா என்ன பண்றது’ என்று சொன்னாலும், உள்ளே இருக்கும் பயம் வேறு. கன்னித்திரை பற்றிய பயம். உடைத்தே பேசிவிடலாம். கன்னித்திரையின் வடிவம் பெண்ணுக்குப் பெண் மாறும். அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. ‘கன்னித்தன்மை பரிசோதனை’க்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா அமைப்புகளும் 2018-லேயே அறிவித்துவிட்டன. ஆக, இந்தக் காரணத்துக்காக ஒரு பெண் குழந்தையைக் குதிரையிடமிருந்து தள்ளி வைப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

ஒலிம்பிக்கில் ஆண், பெண் பிரிவே இல்லாமல் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு குதிரையேற்றம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் கிடைத்தபோது, அந்த நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என இரண்டு பெண்கள் இருந்தார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடங்களுக்குப் பிறகு வந்த தங்கம் அது.

விழுந்தால்?

விழுவார்கள். குதிரையோடு வளரும் எந்தக் குழந்தையும் ஒரு நாளாவது விழும். அதை மறைத்து ‘100% சேஃப்’ என்று சொல்லும் இடம் நம்பத்தகாத இடம்.

அமெரிக்காவில் 2003 முதல் 2012 வரையிலான விபத்துப் பதிவுகளை அலசியபோது, விளையாட்டால் மூளைக்காயம் அடைந்த பெரியவர்களில் சுமார் 45 சதவிகிதம் பேர் குதிரையேற்றத்தில் அடிபட்டவர்கள். ஹெல்மெட் இல்லாமல் எந்தக் குழந்தையும், ஒரு ரவுண்டுகூட, ‘நான் பக்கத்துலதான இருக்கேன்’ என்று குதிரைக்காரர் சொன்னாலும், ஏறக் கூடாது. தொப்பி கணக்கில் வராது. சைக்கிள் ஹெல்மெட்டும் போதாது. குதிரையேற்றத்துக்கென்று செய்த, தாடைக்குக் கீழே பட்டி போடும் ஹெல்மெட்தான் வேண்டும். காலில் செருப்போ அடி தட்டையான கேன்வாஸ் ஷூவோ கூடாது. கொஞ்சம் குதிகால் உயர்ந்த மூடிய ஷூ வேண்டும். விழும்போது பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொண்டால், குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். விழுவதைவிட இதுதான் ஆபத்து.

குதிரையோடு குழந்தை வளர்வது என்றால் உலகமே கைகாட்டுவது மங்கோலியாவைத்தான். மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகமுள்ள நாடு. நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் குதிரை மேல் இருப்பார்கள். மேய்ச்சல் வாழ்க்கையில் அது பள்ளிக்குப் போவது மாதிரி இயல்பான விஷயம். ஆனால் ஜூலை மாதத்து ‘நாதம்’ திருவிழாவில் நடக்கும் நீண்டதூர பந்தயங்களில் குதிரையோட்டிகளாக இருப்பதும் குழந்தைகளே. எடை குறைவு என்பதுதான் காரணம். பந்தயம் 25 கிலோமீட்டர்கூடப் போகும். கீழே விழுந்து அடிபடுவதும் உயிரிழப்பும் நடந்திருக்கின்றன. யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் கவலை தெரிவித்துவருகின்றன. குதிரையை அறிந்து வளர்வது வேறு, குதிரை ஜெயிக்கக் குழந்தையை எடைக்கல்லாக்குவது வேறு. இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே குடும்பத்தில் நடக்கிறது என்பதுதான் இதில் சங்கடம்.

நம்ம ஊர்ல?

தமிழ்நாட்டில் குதிரையோடு உண்மையிலேயே வளரும் குழந்தைகள் யார் தெரியுமா? ரைடிங் கிளாஸுக்குக் காரில் வருபவர்கள் இல்லை. மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘சைஸ்’ எனப்படும் பராமரிப்பாளர்களின் பிள்ளைகள். மேலே சொன்ன காது மொழியும் லத்திக் கணக்கும் அவர்களுக்குப் பாடமாக யாரும் நடத்தியதில்லை. அப்பா செய்வதைப் பார்த்து வந்தது. ஆனால், ‘குதிரை வளர்ப்பின் நன்மைகள்’ என்று கட்டுரை எழுதும் யாரும் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. சீசன் டல்லானால் குதிரைத் தீவனமா, ஸ்கூல் ஃபீஸா என்று யோசிக்க வேண்டிய வீடுகள் அவை. உங்கள் குழந்தையோடு அடுத்த முறை போகும்போது, சவாரி முடிந்ததும் ஐந்து நிமிஷம் அந்தக் குதிரைக்காரரிடம் பேசச் சொல்லிப் பாருங்கள். எந்த யூடியூப் வீடியோவிலும் கிடைக்காத விஷயங்கள் வரும்.

கிளாஸில் சேர்ப்பது என்று முடிவெடுத்தால், ஃபீஸ் கேட்பதற்கு முன்னால் லாயத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கேயே முடிந்தது. தண்ணீர் வாளியில் தண்ணீர் இருக்கிறதா, சேணம் படும் இடத்தில் புண் இருக்கிறதா, விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா, ஆள் பக்கத்தில் வந்தாலே காது மடங்குகிறதா என்று பாருங்கள். தன் குதிரையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர் உங்கள் குழந்தையை மட்டும் எப்படிப் பார்த்துக்கொள்வார்? முதல் சில வகுப்புகளில் என்ன சொல்லித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். ‘முதல் நாளே ஓட்ட விட்டுடுவோம் சார்’ என்பது தப்பான பதில். ‘தேய்க்கணும், கூட்டணும், கயிறு பிடிச்சு நடக்கணும்’ என்பது சரியான பதில். குதிரைகளுக்கு கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்பதையும் விட்டுவிடாதீர்கள். அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய கடுமையான நோய்.

லாயத்து மண்ணிலும் லத்தியிலும் டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். அரசு அட்டவணைப்படி 5-6 வயதிலும், பிறகு 10, 16 வயதுகளிலும் போட வேண்டிய தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். (குதிரைக்கும் ஊசிக்கும் இன்னொரு பழைய பந்தம் உண்டு. பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து, குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராகிறது.)

வயசு எவ்வளவு இருக்கணும்? தேய்ப்பதற்கும் தீவனம் வைப்பதற்கும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் நான்கு, ஐந்து வயதே போதும். தனியாகக் கடிவாளம் பிடித்து ஓட்ட, சொன்னதைக் கேட்டு நிற்கும் பக்குவமும், நிமிர்ந்து உட்காரும் பலமும் வர வேண்டும். அவசரம் வேண்டாம்.

கிளாஸுக்கெல்லாம் வசதி இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. கூடவே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை அவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு நம் மாநிலத்தில் அடிக்கடி கிடைக்காது. கூட்டத்தில் குழந்தையின் கையை விடாதீர்கள், எந்தக் குதிரைக்கும் பின்னால் போகாதீர்கள், செல்ஃபிக்காக ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கேரட்டோ வெல்லமோ கொடுக்க ஆசைப்பட்டால், முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து நீட்டச் சொல்லுங்கள். நேர் முன்னால் மூக்குக்குக் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது. உதட்டால் தடவித்தான் எது கேரட், எது விரல் என்று கண்டுபிடிக்கும்.